பதர் வளையம்

வயல் முழுக்க ஒரே சமயத்தில் பூத்துவிட்டது. வீரிய ஒட்டு ரகச் சூரியகாந்தி அப்படித்தான். ஒரே உயரம், ஒரே அளவுத் தலை, மெல்லிய கறுப்புத் தோலுக்குள் எண்ணெய் கட்டிய பருப்பு. நல்லதோ கெட்டதோ, மொத்த வயலுக்கும் சேர்ந்தே வரும். ஒவ்வொரு தலையும் விளிம்பில் தொடங்கி நாளுக்கு ஒரு சுற்றாக உள்ளே பூத்துக்கொண்டு போகும். அதுவரை பொறுக்க வேண்டும். பொறுமைக்கும் வயலுக்குச் சொந்தக்காரனான தம்பிக்கும் ஏழாம் பொருத்தம். எல்லோரும் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் இலையில் நாலு புழுவைப் பார்த்தான். பூத்திருக்கும்போது மருந்தடிக்காதே என்று விதைக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அடித்தான். அதுவும் தேனீ மொய்க்கிற காலை வேளையில். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இவனுக்கு அந்த மட்டும் இல்லை.

பக்கத்து வயல் அண்ணனுடையது. சாயங்காலம் அவர் தன் தேனீப் பெட்டிகளின் முன்னால் குந்தியிருந்தார். தரையெல்லாம் செத்த ஈ. தங்கை வீட்டில் வைத்திருந்த ஒரு பெட்டிதான் மிச்சம்.

ஈ வராவிட்டால் மணி பிடிக்காது, எல்லாம் பதர். அவன் குடும்பத்துக்கு அந்த வருஷம் வேறு பிழைப்பில்லை. வெட்கத்தை விட்டுப் போய் நின்றான்.

"அண்ணே, அந்த ஒரு பெட்டியையாவது..."

"எதுக்கு, அதையும் கொல்லவா?" அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈ செய்யும் வேலையைத் தாங்களே செய்ய, அவனும் பெண்டாட்டியும் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூப்பூவாகத் தடவினார்கள். "என்னங்க, பூவைத் தடவுறீங்களா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்றாள் அவள். ஒன்றிரண்டு வரிசைக்கே கை ஓய்ந்தது. மீதி வயல் அப்படியே கிடந்தது.

சில நாளில் எங்கிருந்தோ ஈ வந்தது. "காட்டு ஈயா இருக்கும்" என்றாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. தலைகள் கவிழ்ந்து பின்பக்கம் மஞ்சளாகும்வரை தினம் ஒரு விதையைப் பிய்த்துக் கடித்துப் பார்த்துத் துப்பினான்.

அறுவடைக்கு அண்ணன் கூப்பிடாமலே அரிவாளோடு வந்தார். முதல் தலையை அறுத்துக் காட்டினார். விளிம்பில் கொழுத்த மணி. அதையடுத்து ஒரு வளையம் வெறும் பதர். அதற்கும் உள்ளே மறுபடி மணி. கையால் தடவிய வரிசைகள் போக, எல்லாத் தலையும் அச்சாக அப்படியே இருந்தன.

அண்ணன் பதரில் கட்டைவிரலை வைத்தார். "இது நீ மருந்தடிச்ச நாள்."

"உள்ள இருக்கிறது?"

"மிச்சமிருந்த பெட்டி. மருந்து வாடை அடங்கினதும் என் வேலியோரம் வெச்சேன். சொன்னா நீ சும்மா இருப்பியா, திறந்து திறந்து பாப்பே."

அவன் அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தான். "நான் மறுபடி அடிச்சிருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?"

"உங்க அண்ணியைக் கேளு" என்றார் அவர், அடுத்த தலையை அறுத்தபடியே. "பெட்டியை வெச்ச நாள்லருந்து எனக்குத் தூக்கமே இல்லை."