அமைச்சரின் சொந்த வேலை

நாட்டின் பாதுகாப்புத் துறை அமைச்சர் வீரபத்திரனின் ஒரு நாள் பயணத்திட்டம் நான்கு பக்கங்களில் வந்திருந்தது. காலையில் உச்சிப்புளி கடற்படை விமானதளம். மாலையில் மதுரை வழியாகத் தில்லி. நடுவில் ஒரு வரி: 'மதியம் 1.20 முதல் 2.10 வரை, இராமநாதபுரம் அரசு விருந்தினர் மாளிகை, சொந்த வேலை.'

அந்தச் சொந்த வேலை நாகலெட்சுமிதான். அவருடைய மனைவி.

இருவரும் நேரில் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் உப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் அமைச்சரானபோது, "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளப் பாதியில விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்று ஊரிலேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று பத்தாம் வகுப்புகள் பரீட்சை எழுதிப் போய்விட்டன. அவள் இன்னும் தில்லிக்குப் போகவில்லை.

அன்று லீவு போட்டிருந்தாள். பாறைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. உம்மு ஹபீபா இறங்கி நேராக அடுப்படிக்கே வந்தாள். திருப்பாலைக்குடிக்காரி. அதே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவள் கண் வீங்கியிருந்தது.

"நாகுக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று போனை நீட்டினாள்.

அவள் மகன் முஸ்அப் அனுப்பிய குரல் பதிவு அது. வளைகுடாவில் ஒரு துறைமுக நகரத்தில் அவனுக்குக் கிரேன் பழுது பார்க்கிற வேலை. அங்கே சண்டை மூண்டு ஐந்து நாளாகியிருந்தது. அவனோடு மனைவி சுஹாவும் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி.

"உம்மா, ஏர்போர்ட்ட இன்னும் தெறக்கல. ஒரு ஏஜெண்ட் பஸ் விடுறானாம். ரோடு வழியா பார்டர் வரைக்கும் பதினாலு மணி நேரம். எங்க பில்டிங்ல பாதிப் பேரு போறாக. சுஹாவக் கூட்டிக்கிட்டுப் போறதா, இங்கனயே இருக்கறதானு தெரியல. நம்ம ஊரு நேரம் நாலு மணிக்குள்ள ஏஜெண்டுகிட்டச் சொல்லணும். நாகு டீச்சர்கிட்டச் சொல்லி, சாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. போகவா, இருக்கவானு மட்டும்."

பதிவு முடிந்தும் நாகலெட்சுமி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த மூன்று வருடத்தில் வேலை சம்பந்தமாக அவரிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்காதே என்று அவரும் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் எல்லையில் பதற்றம் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் போன் பண்ணி, மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்பார். போட்டாச்சு என்பாள். அவ்வளவுதான். அப்படியே பழகிவிட்டது.

"நான் அவுககிட்ட இந்த மாதிரியெல்லாம் கேட்டதே இல்ல ஹபீபா."

"தெரியும்க்கா. நானும் இத்தன வருசத்துல ஒங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

அது உண்மை. நாகலெட்சுமி தூக்குவாளியில் குழம்பை ஊற்றி மூடினாள். "வா. ஒங்க கார்லயே போவோம்" என்றாள்.

ஹபீபாவின் கணவர் மஹ்மூதுதான் காரை ஓட்டினார். இருபது வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். தேவிபட்டினம் தாண்டியதும், "அந்த ரோட்டுல நான் போயிருக்கேன். வண்டி நின்னுச்சுன்னா நெழலும் கிடையாது, தண்ணியும் கிடையாது" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா குண்டு விழுற ஊர்ல எப்புடி இருக்கச் சொல்றது?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

விருந்தினர் மாளிகை வாசலில் ஒரு பெண் காவலர் பட்டியலைப் பார்த்தார். நாகலெட்சுமியின் பெயர் மட்டும் இருந்தது. மற்ற இருவரையும் உள்ளே விட முடியாது என்றார். தூக்குவாளியையும் சோற்றுப் பாத்திரத்தையும் திறந்து பார்த்து, சோதனைக்கென்று ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். கார் எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்றது. திரும்பிப் பார்த்தபோது ஹபீபா கண்ணாடியை இறக்கிவிட்டு, துஆ கேட்கிற மாதிரி இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்திருந்தாள்.

வீரபத்திரன் ஒன்றரைக்குத்தான் வந்தார். பத்து நிமிடம் போய்விட்டிருந்தது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் போலிருந்தது.

"என்னங்க இப்புடி எளைச்சிருக்கீக?"

"எளைக்கல. சட்டை பெருத்துருச்சு. சோத்தப் போடு."

அவர் நாலு வாய் சாப்பிடும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள். முஸ்அப், சுஹா, பஸ், நாலு மணி என்று வரிசையாக, கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

அவர் கை தட்டிலேயே நின்றது.

முப்பத்தோரு வருடமாக அவரை அவளுக்குத் தெரியும். தெரியாத விஷயமாக இருந்தால் உடனே தெரியாது என்பார். இப்போது பேசவில்லை. அவருக்கு ஏதோ தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. கேட்காமல் எப்படித் திரும்பிப் போவது என்றும் தோன்றியது.

"முஸ்அப்னா, நம்ம வீட்டுக்கு டியூசன் படிக்க வருவானே, சைக்கிள்ல?"

"ஆமா."

"எத்தன மாசம் அந்தப் பிள்ளைக்கு?"

"ஏழு."

அவர் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை. "என்னால சொல்ல முடியாது நாகு. போகச் சொன்னாலும் இருக்கச் சொன்னாலும் ரெண்டும் ஒரு சேதிதான். நான் சொன்னேன்னு அவன் நாலு பேருகிட்டச் சொல்லுவான். சொல்லாம இருக்க முடியுமா, கூட இருக்கறவகள விட்டுட்டு? அமைச்சர் வீட்டுல இருந்தே சொல்லிட்டாகன்னு ஊரு பூரா பரவும். அதை யாரு யாரு கேப்பாகன்னு எனக்குத் தெரியாது."

"சரிங்க."

"கோவமா?"

"இல்ல. ஹபீபாவுக்கு எப்புடிச் சொல்றதுன்னு யோசிக்கேன். வெளிய கார்லதான் இருக்கா."

"வெளியவா? வெயில்லயா?"

"பேரு பட்டியல்ல இல்லையாம்."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். திரைச்சீலை மூடியிருந்தது. பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "அந்த பில்டிங்ல பாதிப் பேரு. அப்ப ஊரு முழுக்க எத்தன பஸ்ஸு?"

எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கையைக் கழுவி, துடைக்காமலே கதவைத் திறந்து தன் செயலரைக் கூப்பிட்டார். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். பாதுகாப்பான தொலைபேசி அங்கேதான் இருந்தது.

நாகலெட்சுமி தட்டை மூடி வைத்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. இங்கிலீஷில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தார். தான் கேட்கக் கூடாது என்று எழுந்துபோய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அதையும் மீறி ஒரு இடத்தில் அவர் குரல் உயர்ந்தது. வீட்டில் அவர் அப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. "என் பொறுப்பு. என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

இரண்டு ஐந்துக்கு வெளியே வந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"ஒங்கிட்டப் பேசவே இல்லையே" என்றார்.

"அதான் பாத்தாச்சுல்ல."

"ஒங்கம்மா முட்டுவலிக்கு மருந்து மாத்தினாகளா?"

"மாத்தியாச்சு. இப்ப நடக்குறாக."

"வரேன்" என்று அவள் கையைப் பிடித்தார். விட்டுவிட்டு, வண்டி நிற்கிற பக்கம் போகாமல் வெளிவாசலை நோக்கி நடந்தார். காவலர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஹபீபாவைப் பட்டியலில் சேர்த்து உள்ளே கூப்பிடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து வேப்பமரத்தடிக்குப் போனார். மஹ்மூதும் ஹபீபாவும் பதறி இறங்கினார்கள்.

"டீச்சர், நீங்க கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியல. தப்பா எடுத்துக்காதீக."

ஹபீபா அவரை இத்தனை வருடமும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்று, "சரிங்க சார்" என்றாள்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "தூதரகம் என்ன சொல்லுதோ அதக் கேக்கச் சொல்லுங்க. போனப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க" என்றார். மஹ்மூதின் கையைப் பற்றி அழுத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

 திரும்பும்போது ஹபீபா முன்சீட்டில் வெளியே பார்த்தபடி இருந்தாள். தேவிபட்டினம் வரும்போது, "தூதரகம் சொல்றதக் கேக்கணும்னு டிவியிலயே போடுறாகளே. அதுக்கா நாம இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றாள். மஹ்மூது, "சும்மா இரு புள்ள" என்றார். நாகலெட்சுமி மடியிலிருந்த தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.  

இரண்டு ஐம்பதுக்கு ஹபீபாவின் போன் அடித்தது. முஸ்அப் ஒரு அறிவிப்பை அனுப்பியிருந்தான். தூதரகத்திலிருந்து அங்கே இருக்கிற இந்தியர்கள் எல்லாருக்கும் இப்போதுதான் வந்ததாம். மஹ்மூது காரை ஓரங்கட்டினார். ஹபீபா உரக்கப் படித்தாள்: சாலை வழியாக யாரும் எல்லைக்குப் புறப்பட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

படித்து முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஹபீபா" என்றாள் நாகலெட்சுமி. "மொதல்ல அவனுக்குப் போன் போடு."

முஸ்அப் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும் போகும்போது நாங்க மட்டும் எதுக்கு இருக்கணும் என்று கத்தினான். மஹ்மூது போனை வாங்கினார். "ஏலே, நான் அந்த ரோட்டுல வண்டி ஓட்டுனவன். வாப்பா சொல்றேன், போகாத" என்றார். அவன் போகவில்லை. அறிவிப்பைப் பார்த்து வேறு பலரும் நின்றுவிட்டார்கள். ஆனாலும் இரண்டு பஸ் புறப்பட்டுப் போனது. எல்லைக் கதவு மூடியிருந்ததால் அதில் போனவர்கள் மூன்று நாள் வெட்டவெளியில் கிடந்து, வாடி வதங்கித் திரும்பி வந்தார்கள்.

அந்த மூன்று நாளும் வீரபத்திரன் காலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போன் பண்ணினார். என்ன சமையல், மழை உண்டா என்று கேட்டார். தூங்காதவர் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தூங்கினீர்களா என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை. வெறும் ரசம்தான் என்றாள். தூறல்கூட இல்லை என்றாள்.

நான்காம் நாள்தான் நாட்டுக்கே தெரிந்தது. இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று அந்தத் துறைமுகத்துக்குள் போய், ஆறு மணி நேரத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கப்பல் ஆபத்தான பகுதியைத் தாண்டிய பிறகே செய்தி வெளியிட்டார்கள். சாலையில் போகாதே என்று முன்கூட்டியே அறிவித்தது கப்பல் வருவதைக் காட்டிக்கொடுத்திருக்காதா என்று ஒரு நிருபர் கேட்டார். வீரபத்திரன், "அந்த ஆபத்து இருந்தது. தெரிந்தேதான் முடிவு எடுத்தேன்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. நாகலெட்சுமி அதை ஆசிரியர் அறையில் நின்றபடி பார்த்தாள்.

முஸ்அப்போடு சுஹா கொச்சியில் வந்து இறங்கினாள். மஹ்மூது போய்க் கூட்டி வந்தார். காலெல்லாம் வீங்கியிருந்தது, மற்றபடி நலம் என்றார் மருத்துவர். மறுநாள் ஹபீபா பள்ளிக்கூடத்துக்கு வந்து, நாகலெட்சுமியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கார்ல ஒங்க மனசு நோகப் பேசிட்டேன்க்கா."

"விடு."

"அண்ணன்தானே?"

"அவுக எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல."

 ஹபீபா நாகலெட்சுமியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. இருவரும் எழுந்து வகுப்புக்குப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வீரபத்திரன் கூப்பிட்டார். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரமில்லை. நாகலெட்சுமி மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தப் பிள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கா. ஹபீபா அவளக் கட்டில விட்டு எறங்க விடமாட்டேங்கா."

"டீச்சர் எதுவும் சொன்னாகளா?"

"அண்ணன்னு சொன்னா."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் செஞ்சது சரியானு இப்பவும் தெரியல நாகு. கப்பலுக்கு ஏதாவது ஆயிருந்தா..."

"ஆகலையே."

"ஆகல."

"இந்தப் பரீட்சை முடிஞ்சதும் நான் அங்க வாரேன். மே மாசம் பூரா இருக்கேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பத்தாம் வகுப்ப அடுத்த வருசம் வேற யாரும் எடுக்கட்டும். ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லியாச்சு."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை பாதியில் குழைந்தது. அவள் ஊர்க்கதை சொல்லத் தொடங்கினாள். கிடேரி சினைப்பட்டிருப்பதை, மேலத்தெருப் போர்வெல்லில் தண்ணீர் உப்புக் கரிப்பதை, வீரையா மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை எல்லாம். நடுவில், "என்னங்க?" என்றாள். பதில் இல்லை. போனைக் காதில் வைத்துக் கேட்டாள். சீரான மூச்சு. நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார்.

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை விடைத்தாள்களுக்குப் பக்கத்தில், சத்தம் தெளிவாகக் கேட்கும்படி சாய்த்து வைத்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினாள், சரசரக்காமல்.