பா வராத வாய்

மருமகன் பால் குடித்ததும் வாயிலிருந்து கழற்றிக் கொடுத்த பிளேட்டை வார்டு மூலைக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிழவருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"மாமா."

திரும்பிப் பார்த்தார். கட்டிலில் மருமகன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிளேட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"என்னையா கூப்ட்ட?"

"மாமா" என்றான் மறுபடி. கண் தானாக மூடிக்கொண்டது.

மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவன் அவன். கல்யாணத்துக்குக் கிழவர் போகவில்லை. பேத்தி பிறந்த பிறகு போக்குவரத்து உண்டானது, பேச்சு உண்டாகவில்லை. அவன் அவரை "இந்தாங்க" என்பான். அவர் அவனை "உன் புருஷன்" என்று மகளிடம் சொல்வதோடு சரி. ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை, இரண்டு பேரும்.

கிழவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். நர்ஸிடம் சொன்னார். டீ டம்ளரோடு நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னார். கீழே இறங்கி வாசலில் இருந்த வாட்ச்மேனிடமும் சொன்னார்.

"என் மருமகன் என்னைய மாமான்னு கூப்ட்டான்யா."

"வேற எப்படிக் கூப்புடுவாரு, தம்பின்னா?" என்றான் வாட்ச்மேன்.

கிழவருக்கு அந்தக் கேலிகூட இனித்தது. வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்த மனுஷன். கன்னத்து எலும்புக்குள் கட்டி என்று மருமகனுக்கு மேலண்ணத்தில் பாதியை வெட்டி எடுத்து, ஓட்டையை அடைக்க ஒரு பிளேட்டைப் பொருத்தியபோது, "ஒழுகற எடத்துல வாஷர் வெச்சிருக்கானுங்க. கசியத்தான் செய்யும்" என்று சொன்னவர். அப்புறம் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நோய் போகவில்லை. டாக்டர்கள் சொன்ன எதையும் நம்பாதவர், காலையில் ஒருத்தர் "இன்னைக்குத் தாண்டாது" என்றதை மட்டும் உடனே நம்பிவிட்டார்.

மகள் மருந்துப் பையோடு வந்தாள். படியிலேயே மறித்துச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் ஈரக் கையைப் பார்த்தாள்.

"பிளேட்டு எங்கப்பா?"

"அது கெடக்கு தொட்டியில. நான் சொல்றதக் கேளு."

"பிளேட்டு இல்லாமயா சொன்னாரு?"

"ஆமா. அதுக்கென்ன?"

அவள் பையின் காதைத் திருகினாள். "காத்து மூக்கு வழியாப் போயிடும்ப்பா. 'பா' வராது, 'மா'தான் வரும். நேத்து மேம்மர் மேம்மர்னாரு. பேப்பர் கேட்டிருக்காரு."

கிழவர் மாமா, பாப்பா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வீட்டில் பேத்தியை எல்லோரும் கூப்பிடுவது பாப்பா என்றுதான். வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். அவன் அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"பிளேட்டப் போட்டுவிட்டுக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் மகள்.

"வேணாம்." வெடுக்கென்று வந்துவிட்டது. "கேக்கறதுக்கு என்ன இருக்கு? பள்ளிக்கூடத்துக்குப் போன் போடு. நான் போய் பாப்பாவக் கூட்டியாறேன்."

ஸ்கூட்டர் அன்றைக்குப் பார்த்து முதல் உதையிலேயே கிளம்பியது. சிக்னலில் சிவப்பு எரிந்தது. எரியட்டும் என்று போனார். பாப்பாவை முன்னால் நிறுத்திக்கொண்டு திரும்பினார். அவள் காற்றில் கத்திச் சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டூல்ஸ் பையைத் திறந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"சின்னப் பிள்ளைங்கள விடக்கூடாது பெரியவரே."

"யாரு சின்னப் பிள்ளை? இது என் ஹெல்ப்பர். மேல குழாய் சொட்டுது, பாக்கணும்."

வாட்ச்மேன் ஸ்பேனரைப் பார்த்தான். பாப்பாவின் பள்ளி யூனிபாரத்தைப் பார்த்தான். பிறகு தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லா முடுக்கிட்டு வரச் சொல்லுங்க."

இரண்டு மாடியையும் ஓடியே ஏறினார்கள். பாப்பா கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். "அப்பா, ஸ்பேனர் கொண்டாந்தேன்." அவன் சிரித்தான். சத்தம் மூக்கு வழியாக வந்தது. அவள் தலைமுடிக்குள் விரலை விட்டு வெகுநேரம் வைத்திருந்தான்.

மகள் பிளேட்டைக் கழுவி எடுத்து வந்தாள். அவன் தலையசைத்து வேண்டாம் என்றான். பாப்பாவின் தலைக்கு மேலாகக் கண்ணை உயர்த்தினான்.

"மாமா."

"என்னப்பா?" என்றாள் பாப்பா.

"என்ன மாப்ளே?" என்றார் கிழவர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவன் இரண்டு பேரையும் பார்த்தான். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் முன் அவன் மூச்சு நின்றது.

மகள் அழுது ஓய்ந்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வெளியே போனாள். நர்ஸ் பிளேட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வந்தார்.

"இது வேணுமா, தூக்கிப் போட்றலாமா?"

கிழவர் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூலையில் குழாய் உண்மையாகவே சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதன் முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார்.

பாப்பா ஸ்பேனரைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.