துண்டு போட்டு இடம் பிடித்தவன்

ஜுவேரியா கணினித் திரையில் இருந்த பச்சைக் கட்டியை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒரு பக்கம் பார்த்தால் முந்திரிப்பருப்பு, மறுபக்கம் பார்த்தால் கொழுக்கட்டை. அவள் பார்க்க வேண்டியவன் மட்டும் எந்தப் பக்கமிருந்தும் தெரியவில்லை.

"மொதல்ல அதை உக்காத்தி வையேம்மா. அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் பின்னாலிருந்து அவளுடைய ஆய்வு வழிகாட்டி பத்ரிநாராயணன் சார்.

மூன்று நாளாக இதே பாட்டு. அவளுக்குக் காது புளித்துவிட்டது.

விஷயம் இதுதான். காசநோய்க் கிருமிக்குள் ஒரு என்சைம் இருக்கிறது. கிருமிக்குச் சட்டை தைத்துப் போடுகிற வேலை அதற்கு. அதன் நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் எவனாவது போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டால் தையல் நின்றுபோகும். சட்டையில்லாத கிருமி எத்தனை நாள் தாங்கும், நீங்களே சொல்லுங்கள். அப்படிப் போய் உட்காருவதற்கென்றே அந்த அடையாறு ஆய்வகத்தில் ஒரு தடுப்பானைச் செய்து வைத்திருந்தார்கள். ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினால் முப்பத்திரண்டு அணு உள்ள ஆசாமி. ஜுவேரியாவின் வேலை, என்சைமைப் படிகமாக வளர்த்து, அந்தப் படிகத்தைத் தடுப்பான் கரைத்த நீரில் ஊற வைத்து, எக்ஸ்ரே கதிரில் காட்டிப் படம் எடுப்பது. குழிக்குள் யாராவது உட்கார்ந்திருந்தால் படத்தில் பச்சைக் கட்டியாகத் தெரிவார்.

"ஆறு வருஷமாவா ஊறுது?" என்று அவள் அம்மா ஜமீலுன்னிசா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "உளுந்தா இருந்தா இந்நேரம் மந்தைவெளி முழுக்க வடை சுட்டுப் போட்டிருக்கலாம்."

அந்த ஆறு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை கமிட்டி. தடுப்பான் உட்கார்ந்திருக்கிற படத்தைக் காட்டினால் ஆய்வேட்டை எழுதி முடித்து டாக்டர் ஆகலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷத்துக்குக் கெஞ்சி விண்ணப்பம் போட வேண்டும். கொடுப்பார்களோ மாட்டார்களோ.

"சார், இந்தக் கட்டியில பதிமூணு அணுதான் கொள்ளுது. நம்மாளு முப்பத்திரண்டு."

"மீதி ஆடிண்டிருக்கு. ஆடறது எக்ஸ்ரேல தெரியாது. உனக்குத் தெரியாததா?"

"தலை மட்டும் உக்காந்து உடம்பு பூரா ஆடுமா சார்?"

"பஸ்ல தூங்கறவன் அப்படித்தானேம்மா."

"அவனுக்கு உடம்பு உக்காந்திருக்கும் சார். தலைதான் ஆடும்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான். அதற்குள் இந்தக் குழியில் இந்தத் தடுப்பானைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்ட கண்ணுக்குக் கொழுக்கட்டையும் தடுப்பான்தான்.

அவருக்காகவே முப்பத்திரண்டையும் குழிக்குள் திணித்துப் பார்த்தாள். திணித்த இடமெல்லாம் திரை சிவப்பாகப் பூத்தது. ஆள் இல்லாத இடத்தில் ஆளை வைத்தால் கணினி அப்படித்தான் சொல்லும். அதற்கு அடையாறும் தெரியாது, ஓய்வு பெறுகிற தேதியும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தேவானை உள்ளே வந்தாள். குப்பி கழுவி, கரைசல் கலக்கி வைக்கிறவள், சைதாப்பேட்டை. அன்றைக்கு முக்கால் மணி லேட்.

"இன்னா தேவானை, மணி என்ன?"

"என்னிய ஒண்ணியும் கேக்காத மேடம். மெட்ரோவுக்கு நோண்டி வச்சிக்கிறானுங்க, பஸ்ஸு எங்கெங்கியோ சுத்துது. கால் கடுக்க நின்னு மொத ஆளா ஏறுறேன், சீட்டு காலி. போய் குந்தலாம்னு பாத்தா, ஜன்னல் வயியா எவனோ துண்டு போட்டுக்கீறான். ஆளு இன்னும் ரோட்டுல கீறான் மேடம், துண்டு குந்திக்கினு வருது!" அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "இது இன்னா, நேத்து பாத்த அதே கொயக்கட்டையா?"

"அதேதான். நம்ம மருந்து உள்ள இல்ல. வேற எதுவோ இருக்கு."

"அப்ப என் கதைதான். உன் ஆளு ஏறதுக்குள்ள எவனோ துண்டு போட்டுட்டான்."

சாருக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். நாற்காலியோடு திரும்பினார். "அதைத்தானே நானும் கத்திண்டிருக்கேன்! மருந்தோட ஒரு துண்டுதான் தெரியறது, பாக்கி ஆடிண்டிருக்கு. தேவானைக்குப் புரியறது, உனக்குப் புரியலை!"

"அய்ய, அந்தத் துண்டு இல்ல சார். தோள்ல போடுற துண்டு."

"எந்தத் துண்டா இருந்தா என்ன?"

ஜுவேரியாவுக்கு இந்தச் சண்டை காதில் விழவில்லை. தேவானை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தடுப்பானில் ஊற வைப்பது கடைசி ஒரு நாள். அதற்கு முன்னால் படிகம் ஒரு மாதம் கரைசலில் கிடந்து வளர்கிறதே, அப்போது கூடவே இருந்தவன் எவன்?

"தேவானை, படிகக் கரைசல்ல என்னென்ன ஊத்துற?"

"ஸ்ரீநாத் சார் நோட்டுல இன்னா கீதோ அதான். உப்பு, அந்தக் கொழகொழன்னு ஒண்ணு, அப்பறம் எலுமிச்சங்கா பவுடரு."

ஸ்ரீநாத் இவளுக்கு முன்னால் அங்கே ஆராய்ச்சி செய்தவன். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். அவன் விட்டுப்போன நோட்டில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அதில் படிகம் வருகிறது, வருவதைக் கெடுப்பானேன் என்று எல்லாரும் அதையே ஊற்றினார்கள். எலுமிச்சங்காய்ப் பவுடர் என்பது சிட்ரேட். ஜுவேரியா ஒரு பழைய உறையின் முதுகில் எழுதி எண்ணினாள். கார்பன் ஆறு. ஆக்சிஜன் ஏழு.

பதின்மூன்று.

"யா அல்லாஹ்," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. ஸ்ரீநாத்மேலா, சார்மேலா, ஆறு வருஷமாக ஏன் என்று கேட்காமல் ஊற்றின தன்மேலேயா? கடைசியில் சொன்னது அதிகமாகத் தைத்தது.

"பதிமூணும் பதிமூணும் ஒண்ணுன்னா போறுமா? ஆதாரம் வேண்டாமா?" என்றார் சார். இத்தனை நாள் ஆதாரம் கேட்காதவர்.

"தரேன் சார். அதே தட்டுல ஊற வைக்காத படிகம் இருக்கு. மருந்தையே பாக்காதது. அதைப் படம் எடுக்கிறேன். அதுலயும் இந்தக் கட்டி இருந்தா?"

"எடு, எடு," என்றார் எரிச்சலோடு.

எடுக்க விட்டால்தானே! படிகத்தை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதை வண்டியில் ஏற்றி வந்த ஷஃபியுல்லா மந்தைவெளியில் மாட்டிக்கொண்டார். "முன்னால ஒரு கிரேன் நிக்குது மேடம், பின்னால ஒரு கல்யாண வேன். நான் பறந்தா வரணும்?" என்று அவர் பங்குக்கு அவரும் போனில் கத்தினார். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்தபோது எக்ஸ்ரே கருவியைக் குளிர வைக்கிற இயந்திரம் கீச்சென்று அலறி நின்றது. அதைத் தட்டிக் கொட்டி எழுப்பி, படம் எடுத்து, கணக்குப் போட்டு முடிக்க வியாழன் மத்தியானம் ஆயிற்று.

மருந்தையே பார்க்காத படிகம். அதே குழி, அதே கொழுக்கட்டை.

சார் வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் படத்தைக் கமிட்டி கேக்கலையேம்மா."

ஜுவேரியா யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லைதான். நாளைக்குப் பழைய படத்தைக் காட்டினால் கை தட்டுவார்கள். அம்மா தெரு முழுக்க இனிப்புக் கொடுப்பாள். மந்தைவெளியில் டாக்டர் ஜுவேரியா என்று வாசலில் பலகை மாட்டுவாள்.

"கேக்க மாட்டாங்க சார். ஆனா நாம வெளியிடுற இந்தப் படத்தை ஊர் உலகமே எடுத்து வச்சுக்கும். எங்கேயோ ஒரு பொண்ணு நான் வச்ச முப்பத்திரண்டை நம்பி, அது மேல இன்னொரு மருந்து செய்வா. ஆறு வருஷம் செய்வா. அவளும் இந்த மாதிரி ஒரு கொழுக்கட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"என்னமோ பண்ணு," என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். கையில் காலக்கெடு நீட்டிக்கும் விண்ணப்பம். அதை மேஜையில் வைத்தார். ஜுவேரியா காரணம் எழுதும் இடத்தில் எழுதத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"'தடுப்பான் ஒட்டவில்லை'ன்னு மொட்டையாப் போடாதே. 'இன்னும் ஒட்டவில்லை'ன்னு போடு."

"ஒட்டுமோ ஒட்டாதோ, இன்னும் தெரியாதே சார்."

"அய்யோ, ஒரு வார்த்தைக்குக்கூட என்னோட மல்லுக்கு நிக்கணுமா நீ?"

அவள் யோசித்து, 'சிட்ரேட் உள்ள கரைசலில் ஒட்டவில்லை' என்று எழுதினாள். சார் இரண்டு தடவை படித்தார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப புதுக் கரைசலா?" என்றாள் தேவானை. "அதுல படிகம் வருமா மேடம்?"

"தெரியாது."

"எத்தினி குப்பி கயுவணும்?"

"தொண்ணூத்தாறு."

"நல்லா வந்து மாட்னேன்டா சாமி உங்க ரெண்டு பேரு கிட்டயும்," என்று தேவானை குழாயைத் திறந்துவிட்டாள்.