பத்து எட்டு முதல் பத்து இருபத்தொன்று வரை

தலையில் நுரையோடு அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது தம்பி குளியலறைக் கதவை இடித்தான். "அக்கா... அம்மா..." அவ்வளவுதான் சொன்னான். நுரையைக்கூட முழுசாகக் கழுவாமல், கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் சூடு இன்னும் போகவில்லை.

அம்மா படுத்துவிட்ட இந்தப் பதினேழு நாளாக அவள் அந்த அறையை விட்டு நகர்ந்ததே அபூர்வம். "போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தம்பிதான் அனுப்பிவைத்தான். போவதற்கு அம்மாவுக்கு அந்த நேரம்தான் வாய்த்தது.

உறவுக்காரர்கள் வர வர, தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "கையைப் பிடிச்சிட்டுப் பக்கத்துலயேதான் இருந்தேன்." நண்பகலுக்குள் அதோடு, "கடைசியா ஒரு தடவை என்னைப் பாத்தாங்க" என்பதும் சேர்ந்துகொண்டது. சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிப்போனதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அவளை அரித்தது வேறு. பதினேழு நாள் காத்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் கொடுத்துவைக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டு வயதில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு முதுகலை சேர்ந்தவள் அவள். ஒரு சத்தத்தைக் கொடுத்தால் அது இன்னாருடையது என்று கணினியைச் சொல்லவைக்கும் படிப்பு. இந்தப் பருவத்தின் வேலைக்கு அவள் எடுத்துக்கொண்டது மூச்சு. வீட்டில் இருந்த மூன்று பேரின் மூச்சையும், ஆளில்லாத அறையின் சத்தத்தையும் மணிக்கணக்கில் பதிவு செய்து, இரண்டு இரண்டு விநாடியாக நறுக்கி, பெயர் ஒட்டிக் கணினியைப் பழக்கியிருந்தாள். அம்மா, தம்பி, நான், யாருமில்லை. நான்கே பெயர்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். "இதுக்கு ஒரு படிப்பா? லைன்ல வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, மூச்சை வெச்சு யாருன்னு சொல்லுவேன் நான்" என்று சிரித்தாள். "எடுத்துக்கோடி. நிக்கறதுக்குள்ள எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ."

இப்போது மதிப்பெண் அவள் நினைப்பிலேயே இல்லை. மருத்துவர் 'சுமார் பத்தேகால்' என்று எழுதியிருந்தார். அந்தச் 'சுமார்' அவளுக்குப் பொறுக்கவில்லை.

காலைப் பதிவைக் கொடுத்ததும், கணினி ஓடி முடித்துப் பெயர்களை வரிசையாகக் கொட்டியது. பத்து மூன்றுக்கு அவள் எழுந்து போகிறாள். அம்மா, தம்பி, அம்மா, தம்பி. பத்து எட்டோடு 'தம்பி' நின்றுபோனது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். போன் அதிர்கிறது. "சொல்லு" என்கிறான். செருப்புச் சத்தம், வாசல் கதவு. பிறகு அம்மாவின் மூச்சு மட்டும், இழுத்து இழுத்து. தொலைவில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

காலையிலிருந்து அவன் சொன்னதெல்லாம் கதை. ஒண்டியாக விட்டுவிட்டானே, பாவி. அவனைக் கூப்பிட எழுந்தவள் அடுத்த வரியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தாள்.

பத்து பதினொன்று. அம்மா. நான். அம்மா. நான்.

பேராசிரியர் முதல் வகுப்பிலேயே எச்சரித்திருந்தார். "'தெரியலை'ன்னு சொல்ல இதுக்கு வராது. தெரிஞ்ச நாலு பேர்ல யாரோ ஒருத்தர் தலையில கட்டிடும்." தளர்ந்துபோன அம்மாவின் மூச்சே மகளுடையதுபோல ஆகியிருக்கலாம். தாயைப் போல பிள்ளை என்பது மூச்சுக்கும் பொருந்தாதா என்ன? ஆனால் காதில் கேட்டது ஒரு மூச்சில்லை. ஒன்று இழுத்து முடிப்பதற்குள் இன்னொன்று நிதானமாகத் தொடங்கியது. பத்து பத்தொன்பதில் 'அம்மா' நின்றது. 'நான்' நிற்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம். அதற்கப்புறம்தான் யாருமில்லை. அத்தனை நேரமும் பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்தது. தம்பி உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ கேப்பேன்னு தெரியும்" என்றான். "போன் வந்துச்சுக்கா. அம்மா தூங்கறாங்கன்னு நினைச்சு வெளிய போயிட்டேன். வந்து பாத்தா... தனியா போயிட்டாங்கக்கா. நான்தான் விட்டுட்டேன்."

திட்டுவதற்கு அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஆனாலும் பெயர்கள் அவனுக்குத் தெரியாதபடி திரையைச் சாய்த்துவிட்டு, பதிவைப் பத்து எட்டிலிருந்து ஓடவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் காதில் வைத்தாள்.

கண்ணை மூடிக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் இளகியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நடுவுல நீ வந்து உக்காந்தியாக்கா? சொல்லவே இல்லையே."

"யாரு?"

"நீதான். பக்கத்துலயே மூச்சு விடறே பாரு. எனக்குத் தெரியாதா?"

அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவனுடைய செருப்புச் சத்தம் திரும்பி வருவது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். கதவை இடிப்பதும், தண்ணீர் சட்டென்று நிற்பதும். மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலை. எழுந்திரிங்க" என்றபடி உள்ளே வந்து, கட்டிலோடு நெருக்கி, தலைமாட்டைப் பார்த்துப் போட்டிருந்த அவளுடைய நாற்காலியில் உட்காரப் போனார்.

"சித்தப்பா, அதுல வேண்டாம்" என்றான் தம்பி.

ஓடிப்போய்க் கூடத்திலிருந்து வேறொரு நாற்காலியைத் தூக்கி வந்தான்.