களிமண் பங்களா

லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து நான்கு கல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். அதன் தமிழ்ப் பள்ளிக்கு ஒரே அறை, ஒரே வாத்தியார், ஸ்டானிஸ்லாஸ். போன வருஷம் வந்த இன்ஸ்பெக்டர், பிள்ளைகளுக்குக் கைவேலைப் பாடம் இல்லாததைக் கண்டு, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் பள்ளியை மூடும்படி எழுதிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். மூடினால் வாத்தியார் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போக வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளும் மறுநாள் காலையே புல்வெட்டுக்குப் போக வேண்டும்.

என்ன கைவேலை என்பதைத் தீர்மானித்தவர் தோட்டத்து ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராஜசேகரன். தோட்டத்தில் மழை பெய்வதுகூடத் தம் ஆபீஸ் வழியாகத்தான் என்று நம்பிய மனிதர்.

"மாம்பழம், வாழைப்பழம்னு உருட்டி வைக்காதீங்க வாத்தியாரே. களிமண்ணுல துரை பங்களாவைச் செய்யச் சொல்லுங்க. துரைக்கு மனசு குளிரும். அப்புறம் இன்ஸ்பெக்டர் என்னத்த எழுதிடுவாரு?"

"பிள்ளைங்க பங்களாவைப் பார்த்திருக்கணுமேங்க."

"நான் பார்த்திருக்கேன்லா! மாசம் ரெண்டு தடவை முன் ஹால்ல துரையோட உட்கார்ந்து டீ குடிக்கிறவன். சந்தேகம்னா என்கிட்ட வாங்க."

பிள்ளைகள் ஆற்றோரம் மண் எடுத்துப் பத்து நாள் பாடுபட்டார்கள். இன்ஸ்பெக்டர் வரும் காலையில், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிராணி வந்து பார்த்தார். சமையல் செய்யும் குசினி இருந்தது. விறகு அடுக்கு இருந்தது. கோழிக்கூடு, சாய்ந்த தண்ணீர்ப் பீப்பாய், நூலில் கட்டிய துணிக்கொடி, அதில் இலையால் வெட்டிய துரையின் கால்சட்டை இரண்டு. மறுபக்கம் மொட்டைச் சுவர்.

"அட பாவிகளா! முன்பக்கம் எங்கே?"

"இதுதாங்க முன்பக்கம்," என்றாள் பேச்சியம்மாள். பத்து வயது. அவள்தான் பங்களாவுக்கு விறகு சுமப்பவள். "நாங்க போற பக்கம்."

கூலிகள் யாரும் பங்களாவின் முன்வாசலை மிதிக்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அது வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் அரைமணி இருக்குங்க கிராணி ஐயா. முன்பக்கத்தைச் சொல்லுங்க, செஞ்சிடலாம். எத்தனை தூணு?"

"தூணா?"

"ஹாலுக்கு எத்தனை படி ஏறணும்?"

கிராணி கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். "படியெல்லாம் எண்ணிக்கிட்டு ஏறுவாங்களாக்கும் மனுஷன்?"

அதற்குள் கார் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கூடவே வந்த துரையும் பார்த்தார். தோட்டத்தில் பதினோரு வருஷம் இருந்து தமிழ் பழகிய வெள்ளைக்காரர்.

"நல்ல வேலை. இது யார் வீடு?" என்றார் துரை.

"லயம், துரை! கூலிகள் குடியிருக்கிற லயம்!" என்று கிராணி முந்திக்கொண்டார்.

"இல்லீங்க துரை, உங்க பங்களா," என்றாள் பேச்சியம்மாள்.

துரை கால்சட்டைகளை உற்றுப் பார்த்தார். "என் வீட்டில் கோழி இல்லை."

"பதினாலு இருக்குங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சொன்னதைச் செய்தார்களா, பார்த்ததைச் செய்தார்களா என்று தெரிய வேண்டும். போய் ஒத்துப் பார்ப்போம்," என்றார்.

பேச்சியம்மாள் தன் வழியில் அழைத்துப்போனாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் துரை தம் வீட்டுப் பின்புறத்தைக் கண்டார். படிகள் ஆறு, களிமண்ணிலும் ஆறு. பீப்பாய் இடதுபக்கம் சாய்ந்திருந்தது, மண்ணிலும் அப்படியே. கோழிகள் பதினான்கும் துரையை அந்நியனாகப் பார்த்து ஒதுங்கின.

சத்தம் கேட்டுச் சீனச் சமையல்காரன் எட்டிப் பார்த்தான். கோட்டு போட்ட கிராணியைக் கண்டதும், வழக்கம்போலப் காலிப் பால் டின்னில் தே ஓ என்ற பாலில்லாத டீ ஊற்றி, கீழ்ப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனான். கிராணி விறகு அடுக்கை வெகு கவனமாக ஆராய்ந்தார்.

பள்ளிக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: 'கைவேலை நன்று. பிள்ளைகள் கண்ணால் கண்டதை மட்டுமே செய்கிறார்கள். பள்ளி நடக்கட்டும்.'

கார் போன பிறகு வாத்தியார் அதை மூன்று தடவை படித்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

"சார், அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுங்களா?" என்றாள் பேச்சியம்மாள்.

"உண்டும்மா. நாளைக்கும் உண்டு, நாளான்னைக்கும் உண்டு."

கடைசி வரிசையில் யாரோ சலிப்போடு, "அலமாக்! நாளான்னைக்குமா?" என்று முனகினார்கள்.