மூன்று மில்லிமீட்டர் சாட்சி

டீசல் வேனுக்குப் பெட்ரோல் போட்டவன் நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டிவிட ஆசைதான். ஆனால் அந்த பங்க்கில் நாமே குழாயைப் பிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். என் வலது கையில் குழாய், இடது காதில் போன், போனில் என் அண்ணன். "செத்தாலும் உன் கடைக்குத் திரும்பி வரமாட்டேன்" என்று நான் வீரவசனம் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குத் தப்பான குழாயை எடுத்து டேங்க்கை வாய்வரை நிரப்பிவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் வண்டி பிழைத்திருக்கும். அது திக்கித் திக்கி ஓடியதும், சோம்பல் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பத்து கிலோமீட்டர் மிதித்தேன்.

மனைவியின் தம்பி, என் மச்சான், மெக்கானிக். பம்ப்பைக் கழற்றி உள்ளிருந்ததை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். டீசலின் வழுவழுப்பு இல்லாமல் உரசித் தேய்ந்த இரும்புத்தூள், மினுமினு என்று.

"மாமா, இது பம்ப்பு இல்ல. பல்பொடி."

"சரி பண்ண முடியுமா?"

"பாக்கலாம்" என்றான். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் அவன் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். சொல்லும் தோரணையை வைத்து அர்த்தம் பிடிக்க வேண்டும். இது இழவு வீட்டுப் பாக்கலாம்.

நானும் மனைவியும் ஜன்னல் கண்ணாடி போடுகிறவர்கள். நான் அளவெடுப்பேன், அவள் அறுப்பாள், இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்குவோம். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அண்ணன் கடையில் இருந்தோம். அங்கே பெண்பிள்ளைகள் கண்ணாடி அறுக்கக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். அவளைப் பில் போடும் மேஜையில் உட்கார வைத்தார். அவள் அறுத்தால் விளிம்பில் ஒரு பிசிறு இருக்காது. அண்ணன் அறுத்தால் வாடிக்கையாளருக்குப் பிளாஸ்திரியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள் இதை வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லித் தொலைத்தேன். அன்றே வெளியே வந்தோம்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பத்தாறு ஜன்னல். திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். வேன் இல்லையென்றால் அந்த வேலை அண்ணனுக்குப் போகும். பின்னாலேயே நாங்களும் போக வேண்டியிருக்கும்.

"உன் பழைய யூனிஃபார்மைத் துவைச்சு வெச்சிருக்கேன்டா" என்றார் அண்ணன் போனில். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எரிந்தது.

கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது ஒரே ஒரு வண்டி. ரொட்டிக்கடை அக்கா ஒருவர் தானே ஓட்டித் தானே விநியோகம் செய்த டீசல் வேன். நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அதாவது நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து, இளைப்பாறி, திரும்பும் வழியில் இருக்கிற வண்டி.

வாங்கலாமா என்று ஊரெல்லாம் கேட்டேன். அண்ணன், "உனக்கு எது நல்லதுன்னு உனக்கே தெரியும்" என்றார். வேண்டாம் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் அதுதான் மரியாதையான சொல். மச்சான் வழக்கம்போல் பாக்கலாம். மனைவியோ பெட்ரோல் போட்ட நாளிலிருந்து என்னிடம் "சாப்பிடுங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். சாப்பிடுங்க என்பதற்கு என்ன பதில் சொல்ல? சாப்பிட்டேன்.

"வண்டி பாக்கப் போறப்போ முதல்ல எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நமக்கு முன்னாடியே ஓட்டி, ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்கறாங்கன்னு அர்த்தம்" என்றான் மச்சான். சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய்த் தொட்டேன். விரல் கொப்பளித்தது.

"மூணு மணிக்கே ரொட்டி ஏத்திட்டுப் போயிட்டு இப்பத்தான் வர்றேன் தம்பி" என்றார் ரொட்டிக்கடை அக்கா, நான் விரலை வாயில் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே. "உழைக்கிற வண்டி சூடாத்தான் இருக்கும். ஆறின வண்டி வேணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, மச்சான் மூன்று பேரும் போனோம். எஞ்சின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். பெருமூச்சு விட்டது. மூன்றாம் தடவை ஒரு உலுக்கு உலுக்கி, வெள்ளைப் புகை கக்கி, எழுந்துகொண்டது.

"இந்த வயசுல நீங்க எழுந்திரிக்கிற மாதிரியே இருக்கு மாமா" என்றான் மச்சான்.

"வாங்கலாமாடா?"

"நான் வாங்குங்கன்னு சொல்லி நாளைக்கு நடுரோட்டுல நின்னா, எங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விடாது. பாக்கலாம்."

அப்போது மனைவி நாங்கள் வந்த ஆட்டோவிலிருந்து ஒரு கண்ணாடியை இறக்கினாள். மூன்று மில்லிமீட்டர் கனம், இடுப்புயரம். வேனின் பின்கதவைத் திறந்து ஏறி, ரொட்டித் தட்டு அடுக்கும் சட்டத்தில் அதை நிறுத்தினாள். கட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கம். புது வண்டியில் முதல் சுமை மெல்லிய கண்ணாடி ஒன்று. எஞ்சினில் ஆட்டம், அச்சில் கோணல் எது இருந்தாலும் அது நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மனிதர் முகம் பார்த்து மழுப்புவார்கள், கண்ணாடி மழுப்பாது.

ஓட்டினேன். ரொட்டி வாசனையில் வண்டி ஓட்டுவது தனிச் சுகம். பாலத்துக்கு அடியில் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டேன். போன் அடித்தது. அண்ணன். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். ஒரே தவறை இரண்டு தடவை செய்கிற அளவுக்கு நான் முன்னேறவில்லை.

"டேய், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடினதாமே. அது வண்டியா, பொணமா?"

"பொணம் இருமாதுண்ணே."

"பிடிவாதம் பிடிக்காதே. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கடைக்கு வந்துரு. அவளுக்கும் அந்த மேஜை காலியாத்தான் இருக்கு."

"அவ மேஜைக்கு வரமாட்டாண்ணே. யூனிஃபார்மைக் கிழிச்சுத் துணியா வெச்சுக்க, கண்ணாடி துடைக்க ஆகும்" என்று வைத்துவிட்டேன். சொன்ன கையோடு கியரைப் போட்டேன். வண்டி முரண்டு பிடிக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தினேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரொட்டிக்கடை அக்கா விற்பனைக் காகிதத்தோடு வந்தார். நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன். மனைவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. அதற்குப் பின்னால் அவள் முகம்.

"இந்தா பாரு, நான் ஒரு முட்டாள். ஒத்துக்கறேன்" என்றேன். "ஆனா இதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. கண்ணாடிக்கு ரெண்டு முனை இருக்கு. வாங்கலாமா, வேணாமா?"

அவள் உள்ளங்கைகளை எடுத்தாள். இரண்டு கைத்தடமும் கண்ணாடியில் கலையாமல், பிசிறாமல் பதிந்திருந்தன.

"வாங்கலாம்" என்றாள். "மூணாவது கியர்ல இடதுபக்கம் கீழே ஒரு நடுக்கம் இருக்கு. எஞ்சினைத் தாங்கற ரப்பர். இவன் இன்னிக்கே மாத்திக் கொடுப்பான், பாக்கலாம்னு சொன்னா சோறு கிடையாது. மத்தபடி வண்டி நல்ல வண்டி. நாளைக்கு ஏழு மணிக்கு ஸ்கூல்ல இருக்கணும். டீசல் மட்டும் இனிமே நான்தான் போடுவேன். நீங்க கீழே இறங்கவே கூடாது."