ஒன்பதாம் நாள் பூசை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டால் கேட்டது கிடைக்கும். ஒரு நாள் தவறினாலும் போச்சு, அத்தனையும் வீண். பிலிப்பைன்ஸின் சாமர் தீவில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். "கடவுள் என்ன வருகைப்பதிவா எடுக்கிறாரு?" என்று பாதிரியார் தலைதலையாக அடித்துக்கொள்வார். யார் கேட்டார்கள்?

பான்யாங் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் மகள் ஹொவீத்தாவுக்கு இரண்டு முறை வயிற்றில் உண்டாகித் தங்காமல் போய்விட்டது. இந்த முறையாவது பிள்ளை உயிரோடு கைக்கு வரவேண்டும். அக்டோபர் புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவள் அழவில்லை. தகரம்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளை விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பயம். முழங்கால் வலியோடு எட்டு நாள் சேற்றில் நடந்து பூசைக்குப் போய் வந்தாள்.

ஒன்பதாம் நாள் செருப்பை மாட்டுகிற நேரத்தில் உள்ளேயிருந்து "அம்மா!" என்று அலறல். ஹொவீத்தாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பக்கத்துத் தெரு மருத்துவச்சி தெல்ஃபினா ஓடி வந்தாள். கோயில் மணியும் அடித்தது.

"ஹொவீ, ஓடிப் போயிட்டு ஓடி வந்துடறேன்டி. உனக்காகத்தானே போறேன்?"

"நீ போனா நான் செத்தே போயிடுவேன்!" மகள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பான்யாங் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "எட்டு நாள் நடக்க விட்டுட்டு, கடைசி நாள்ல காலை வாரி விட்டுட்டீரே ஆண்டவரே! நல்லாருக்கா உமக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

"அக்கா, அவர்கிட்ட அப்புறம் சண்டை போடுங்க. முதல்ல வெந்நீர் கொண்டாங்க," என்றாள் தெல்ஃபினா. அந்த வலியிலும் ஹொவீத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. பான்யாங் மகளின் முதுகைத் தடவியபடியே கூடப் பாடினாள். பாதிப் பாட்டில்தான் கவனித்தாள், பயத்தைக் காணோம். எப்போது போனது என்றே தெரியவில்லை. தான் மகளின் முதுகைத் தடவுவது போல யாரோ தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். யார் என்று அவளுக்குத் தெரியும். இனி எது நடந்தாலும் தனியாக இல்லை என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பூசை முடிந்து எதிர்வீட்டு சாலிங் வாசலில் வந்து நின்றாள். வாழையிலையில் சூடான பிபிங்கா அரிசி அப்பம், வாய் நிறையப் புலம்பல்.

"ஏண்டி பான்யாங், இப்படிக் கோட்டை விட்டுட்டியே! எட்டு நாள் போயிட்டு இன்னிக்குப் போய்ப் படுத்துத் தூங்கிட்டியா? வேண்டுதல் எல்லாம் போச்சேடி!"

உள்ளே வீல் என்று ஒரு சத்தம். சாலிங் கையிலிருந்த பிபிங்கா கீழே விழுந்தது.

பான்யாங் துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எட்டு நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன் சாலிங். இன்னிக்கு அவரே கிளம்பி என் வீட்டுக்கு வந்துட்டாருடி. நான் வீடுகூடப் பெருக்கலை, பாரேன்!"